ரெண்டுங்கெட்டான் துறை

குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பரை மாற்றியதுதான் அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஞாயிற்றுக்கிழமை. கடையில் மடித்து வைத்திருந்ததால் புது ரப்பர் மூலைகளில் நெளிந்து கிடந்தது. அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்து, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, விரலால் நீவி நீவிக் கதவில் பதித்தாள். பிறகு டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். மகள் சன்னலை மூடி விளக்கை அணைத்தாள். கீழ் மூலையில் நூல் மாதிரி வெளிச்சம் கசிந்தது.

“கம்பெனி ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்,” என்றாள் மகள்.

“கூப்பிட்டா கதவையே மாத்தணும்பான். அப்புறம் பெட்டியையே மாத்தணும்பான். நம்ம ரெண்டு பேரையும் மாத்தச் சொல்லாம இருந்தா சரி. அந்த மூலையை அழுத்திப் பிடிடி.”

மகள் பிடித்தாள். வெளிச்சம் மறைந்தது.

மறுநாள் கல்லூரிப் படிக்கட்டில் அம்மாவின் இதயம் நின்றது.

மகளுக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. எதையும் இரண்டு தடவை அளக்காமல் நம்பாதவள். மருத்துவமனை கொடுத்த தாளை மட்டும் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் கல்லூரி முதல்வரும் ஒருவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர் மாதிரி ஒருத்தர் இனிமே கிடைக்க மாட்டாங்க. அவங்க இருந்தவரைக்கும் அந்தப் படிப்பு ஓடிச்சு. இனி அதை மரியாதையா முடிச்சு வச்சிடலாம்னு பாக்கறோம். லேப் சுவர்ல வைக்கறதா இருந்த அந்தக் கதவும் வேண்டாம்னு நினைக்கிறேன்.”

“யாருக்கு மரியாதை சார்?” என்றாள் மகள்.

முதல்வர் அப்பாவைப் பார்த்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பா. எதிரே வண்டி வந்தால் எப்போது ஒதுங்க வேண்டும், எப்போது ஒதுங்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“நிதானமாப் பேசலாம்மா,” என்றார் முதல்வர்.

“நிதானமாத்தான் சார் பேசறேன். அம்மா செத்ததுக்கு அம்மாவோட வகுப்பு என்ன பண்ணும்?”

முதல்வர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் சொன்ன படிப்பின் பெயர் பொறியியல் இயற்பியல். அம்மாதான் அதைத் தொடங்கினாள். முதலில் அவள் இயற்பியல் மட்டும் படித்தவள். படித்து முடித்ததும் கண்ணாடி வில்லைகளுக்குப் பூச்சு போடும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே பூச்சு உரிந்துகொண்டே இருந்தது. பூச்சின் கணக்கைப் போட்டவருக்குக் காற்றை வெளியேற்றும் பம்பைப் பற்றித் தெரியாது. பம்பைப் பார்த்துக்கொண்டவருக்குப் பூச்சு எதனால் ஒட்டுகிறது என்று தெரியாது. இருவரும் ஒரே கேன்டீனில் வேறு வேறு மேசையில் சாப்பிட்டார்கள். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேசைக்கும் நடந்தாள். கடைசியில் பம்பின் எண்ணெய் ஆவி பின்னோக்கி ஏறிக் கண்ணாடியில் படிகிறது என்று தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. நடுவில்தான் ஆள் இல்லை.

அந்த நடுவில் போய் நிற்பதற்காக அவள் வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவியானாள். இந்தத் தடவை பொறியியல். “கழுதை வயசுல காலேஜா” என்று உறவினர்கள் கேட்டபோது, “கழுதைக்குக் காலேஜ் இல்ல, எனக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனவள். பிறகு ஆசிரியை ஆனாள். இரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே மாணவனுக்குச் சொல்லித் தரும் படிப்பைச் சண்டை போட்டு வாங்கினாள்.

வாங்கியது படிப்பு மட்டும்தான். அறை கிடைக்கவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மூலை, மின்னணு ஆய்வகத்தில் ஒரு மூலை. இரண்டு ஆய்வகத்துக்கும் ஒரே சுவர்தான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு படிக்கட்டில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, அடுத்த படிக்கட்டில் ஏற வேண்டும். மழை பெய்தால் மாணவர்கள் கருவிகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுவார்கள்.

ஆசிரியர் அறையில் அந்தப் படிப்புக்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர் வைத்தார்கள். “சமன்பாடு எழுதினா ஈயம் உருகிடுமா?” என்பார் மின்னணுத் துறைத் தலைவர். “ஈயம் உருக்கினா பிரபஞ்சம் புரிஞ்சிடுமா?” என்பார் இயற்பியல் துறைத் தலைவர். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அம்மாவைக் கேலி செய்வதுதான்.

“மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடிதான் டீச்சர்,” என்று ஒருநாள் முதல்வர் ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

“அடிக்கட்டும் சார். ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டினா அது மத்தளம் இல்ல, சட்டி.”

போன பருவத்தில் ஒரு குழு வந்தது. படிப்பை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மாணவர்கள் ஆடாத மேசை ஒன்றைச் செய்திருந்தார்கள். தரை அதிர்ந்தால் அதை உணர்ந்து, மேசைக்கு அடியிலுள்ள காந்தச் சுருள்கள் எதிர்ப்பக்கம் தள்ளும். மேலே வைத்த பொருள் அசையாது. கணக்கைச் சுவருக்கு இந்தப் பக்கம், இயற்பியல் ஆய்வகத்தில் போட்டார்கள்; மின்சுற்றை அந்தப் பக்கம், மின்னணு ஆய்வகத்தில் கட்டினார்கள். முதல்வர் ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். ஒரு மாணவன் தரையில் குதித்தான். மேசை அவனைவிட உயரமாகக் குதித்தது. தண்ணீர் முழுவதும் குழுத் தலைவரின் கால்சட்டையில்.

“ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வச்சா இப்படித்தான்,” என்றார் மின்னணுத் துறைத் தலைவர்.

அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. மாணவர்கள் எழுதியதைப் புரட்டினாள், சுற்றைக் குனிந்து பார்த்தாள். அலையைக் கணக்கில் எழுத இரண்டு வழக்கங்கள் உண்டு. இயற்பியல்காரர்கள் நேரத்துக்கு முன்னால் கழித்தல் குறி போடுவார்கள். மின்னணுக்காரர்கள் கூட்டல் குறி போடுவார்கள். எதில் தொடங்கினோமோ அதிலேயே முடித்தால் இரண்டும் சரிதான். இங்கே இந்தப் பக்கக் கணக்கை அந்தப் பக்கத்தில் அவர்கள் வழக்கப்படி படித்துவிட்டார்கள். அதிர்வை அடக்க வேண்டிய சுருள் அதிர்வோடு சேர்ந்து தள்ளியது.

“உங்க கணக்குல தப்பு இருக்கா சார்?” என்று இயற்பியல் துறைத் தலைவரிடம் கேட்டாள்.

“சான்ஸே இல்ல.”

“உங்க சுற்றுல?”

“எங்க சுற்றுல குறை சொல்ல ஒருத்தன் பிறந்து வரணும்,” என்றார் மின்னணுத் துறைத் தலைவர்.

“ரெண்டு பேரும் சொல்றது நிஜம்.” அம்மா குழுத் தலைவர் பக்கம் திரும்பினாள். “ரெண்டும் சரி. சேர்ந்தா உங்க பேன்ட் நனையுது. இந்தத் தப்பைத் தேடறதுக்குன்னு இந்தக் கட்டடத்துல ஒரு படிப்பு இருக்கு சார். அதைத்தான் நீங்க மூட வந்திருக்கீங்க.”

சொல்லிவிட்டுச் சுருளுக்குப் போகும் இரண்டு கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகினாள். மாணவனை மறுபடி குதிக்கச் சொன்னாள். அவன் பயந்துகொண்டே குதித்தான். மேசை அசையவில்லை.

குழுத் தலைவர் கைக்குட்டையால் தொடையைத் துடைத்தபடி சிரித்துவிட்டார். “சரிம்மா. உங்களுக்கு என்ன வேணும்?”

“கதவு,” என்றாள் அம்மா. “நடுச்சுவர்ல ஒரு கதவு.”

படிப்புக்கு ஒரு வருடமும் சுவரில் ஒரு கதவும் என்று உத்தரவு வந்தது. முதல்வர் கோப்பில் போட்டு மூடி வைத்தார். அம்மா போகிற வருகிற நேரமெல்லாம் அவர் அறைக்குள் தலையை நீட்டி, “கொத்தனாரை நானே பேசிக்கவா சார்?” என்று கேட்டுக் கேட்டு, தொல்லை தாங்காமல் அவர் சரி என்று சொன்னது அவள் சாவதற்கு முந்தின வாரம்தான்.

காரியம் முடிந்த மறுநாள் மகள் கல்லூரிக்குப் போனாள். முதல்வர் அறையில் துறைத் தலைவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மூலைகளைக் காலி செய்ய வந்திருக்கிறாள் என்று நினைத்து முதல்வர் பியூனைக் கூப்பிட்டார்.

“காலி பண்ண வரல சார். கொத்தனாரை எப்ப வரச் சொல்லட்டும்?”

“படிப்பே இருக்கப்போறதில்லம்மா. கதவு எதுக்கு?”

“கதவு வச்சுட்டா மூடறது கஷ்டம். அதுக்குத்தான்.”

“உங்களுக்கு இதுல என்ன உரிமை இருக்கு, சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல. உத்தரவுக்கு இருக்கு. ஒரு வருஷம்னு போட்டிருக்கு, டீச்சர் உயிரோட இருக்கற வரைக்கும்னு போடல. நீங்க நிறுத்தினா நான் குழுத் தலைவர்கிட்ட போவேன். அவருக்கு எங்க அம்மாவை நல்லா ஞாபகம் இருக்கும். பேன்டுக்கும் இருக்கும்.”

மின்னணுத் துறைத் தலைவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று மகளுக்குத் தெரியவில்லை.

“வகுப்பை யார் எடுப்பா?” முதல்வர் விடவில்லை.

சன்னல் பக்கமிருந்தே பதில் வந்தது. “புது ஆள் வர்ற வரைக்கும் நான் எடுத்துத் தொலைக்கறேன் சார். தினம் அந்தம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டுப் பழகிப்போச்சு. அந்தக் கழித்தல் குறியை மட்டும் இவர் வந்து சொல்லித் தரட்டும்.”

“நீங்க கூட்டல் போடறதை நிறுத்துங்க, தானா சரியாயிடும்,” என்றார் இயற்பியல் துறைத் தலைவர்.

அவர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். முதல்வர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கையை ஆட்டினார். போ என்றும் வைத்துக்கொள்ளலாம், சரி என்றும் வைத்துக்கொள்ளலாம். மகள் சரி என்று வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து, அம்மாவின் கைப்பேசியிலிருந்தே கொத்தனாரை அழைத்தாள். அவருக்குச் சாவு தெரியாது. மகள் சொன்னாள்.

“நாளைக்கே வர்றேம்மா,” என்றார். “ஆனா அந்தச் சுவத்துக்குள்ள கரண்டு வயர் ஓடுது. எங்க ஓடுதுன்னு உங்க காலேஜ் எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுட்டு, சுவத்துல கோடு போட்டு வைக்கறேன்னு டீச்சரம்மா சொன்னாங்க. கோடு இல்லாம நான் உளியை வைக்க மாட்டேன். போட்டுட்டாங்களா, பாருங்க.”

மகள் மேலே போய்ப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, இறங்கி, முற்றத்தைத் தாண்டி, ஏறி, அந்தப் பக்கமும் பார்த்தாள். சுவர் வெறுமையாக இருந்தது. எலக்ட்ரீஷியனின் அறை கீழே, மோட்டார் அறைக்குப் பக்கத்தில். அம்மா அவரைப் பார்க்காமலே போயிருந்தாள். மகள் படி இறங்கினாள்.