குடைக் கடைக்குப் பின்னால் ஒரு விருந்து

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரைக்கும் எந்தக் குழாய் உடைந்தாலும் அடைத்தாலும் றோலண்டைத்தான் கூப்பிடுவார்கள். பைப் பாஸ் என்றால் அவர்தான். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். றோலண்ட் பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய், ஹோட்டல் கட்டடங்களில் குழாய் பொருத்தக் கற்றுக்கொண்டு, கல்யாணமானதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது நாற்பத்தாறு வயது. மனைவி ஜீவராணி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

போன வருடம் பிரதாப் என்ற கொழும்பு இளைஞர், நுவரெலியா டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்தார். ஒரே அறைக்குள் ஐந்து சிங்க் வேண்டும், ஐஸ் மெஷினுக்குத் தனிக் குழாய் வேண்டும் என்றார். ரத்தம் பரிசோதிக்கிற இடம் போலிருக்கிறது என்று நினைத்த றோலண்ட், பின்கதவால் போய்வந்து இரண்டு வாரத்தில் வேலையை முடித்தார்.

"சேர்னு கூப்பிடாதீங்க அண்ணே, பிரதாப்னே சொல்லுங்க" என்று முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட றோலண்டுக்கு வாய் வரவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து பிரதாப்பிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை திறப்பு விழா, வீட்டில் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கு வாருங்கள், இந்தத் தடவை முன்பக்கமாக வர வேண்டும், முன்னால் குடை திருத்தும் கடை இருக்கும் என்று எழுதியிருந்தது. அடுத்து வந்த செய்தியை றோலண்ட் திறந்து பார்க்கவில்லை.

"சாமான் பையை எடுத்துக்கவா, ராணி?"

"விருந்துக்குக் கூப்பிட்டா பையத் தூக்கிக்கிட்டா போவாங்க? அந்த நீலச் சட்டையப் போடுங்க" என்றார் ஜீவராணி.

டவுனில் தூறிக்கொண்டிருந்தது. குடை திருத்தும் கடை என்று உண்மையாகவே பலகை தொங்கியது. உள்ளே சுவர் நிறையப் பழைய குடைகள். மேசைக்குப் பின்னால் நிலக்ஷி என்ற பெயர் அட்டையைச் சட்டையில் குத்தியிருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க. குடைக்கு என்ன பிரச்சினை?"

"குடைக்கு ஒண்ணும் இல்லீங்க. பிரதாப் வரச் சொன்னாரு" என்றார் றோலண்ட்.

"அப்படி யாரும் இங்க இல்லையே" என்று அவள் சிரித்தாள். "குடைக்கு என்ன பிரச்சினைனு சொல்லுங்க."

றோலண்ட் வெளியே போய்ப் பலகையை இன்னொரு முறை படித்துவிட்டு வந்தார். அவள் அதே கேள்வியைக் கேட்டாள். ஜீவராணிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வந்ததற்கு ஒரு வேலையாவது கொடுப்போம் என்று, கையிலிருந்த குடையை மேசையில் வைத்தார்.

"இதுல ஒரு கம்பி வளைஞ்சிருக்கு தங்கச்சி. நிமித்த முடியுமா?"

உடனே நிலக்ஷி எழுந்து சுவரைத் தள்ளினாள். குடைகளோடு சுவர் கதவாகத் திறந்துகொண்டது.

உள்ளே இருந்தது ஒரு பார். இப்படி ஒளித்து வைத்து நடத்துவதுதான் இப்போது நாகரிகமாம். குடையைப் பற்றி ஏதாவது குறை சொன்னால்தான் கதவு திறக்கும் என்பது அந்தத் திறக்காத செய்தியில் இருந்திருக்கிறது. தான் பொருத்திய ஐந்து சிங்கையும் பார்த்த பிறகுதான், வந்த இடம் சரி என்று றோலண்ட் நம்பினார். வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தது. கரண்ட் குறைந்துவிட்டதோ என்று மேலே பார்த்தார். சாராயக் கடை என்றால் இரைச்சல் இருக்க வேண்டாமா? இங்கே எல்லோரும் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலப் பேசினார்கள்.

பிரதாப் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். பக்கத்து மேசைக்காரர்களிடம், "இவர் இல்லாட்டி இந்த இடமே இல்லை" என்றார். அவர்கள் எழுந்து கைகொடுத்தார்கள். றோலண்டுக்குத் தேநீர்க் கோப்பையில் ஏதோ வந்தது. மேலே புகை. ஊதியும் புகை போகவில்லை, தொட்டுப் பார்த்தால் கோப்பை ஐஸாகக் குளிர்ந்தது. குடித்தால் முதலில் தேயிலைச் சாயம், பிறகு தேன், கடைசியில்தான் சாராயம் தொண்டையில் இறங்கியது. ஜீவராணிக்குச் சாராயம் கலக்காமல் இஞ்சியும் அன்னாசியும் போட்டு ஒன்று கொடுத்தார்கள். அவர் அதை வெகு இயல்பாகக் குடித்து முடித்து, இன்னொன்று கேட்டார்.

"ஏங்க, நெளியாம உக்காருங்க."

"தண்ணி போற சத்தம் சரியில்ல ராணி."

சிறிது நேரத்தில் பிரதாப் வந்து காதருகே குனிந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மூணாவது சிங்க்ல தண்ணி இறங்குதில்ல."

றோலண்ட் நீலச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு சிங்குக்கு அடியில் உட்கார்ந்தார். பிழிந்து போட்ட தேசிக்காய்த் தோலும் புதினா இலையும் குழாயை அடைத்திருந்தன. விரலால் தோண்டி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. சற்று முன் கைகொடுத்தவர்களில் ஒருவர் அவரைத் தாண்டி நடந்தார். அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருட்டில் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

கைதுடைக்கத் துணி கொடுத்த பிரதாப்பிடம் றோலண்ட் கேட்டேவிட்டார். "என்னைய எதுக்குக் கூப்பிட்டீங்க? விருந்துக்கா, இதுக்கா?"

பிரதாப் திகைத்துப்போனார். "விருந்துக்குத்தான் அண்ணே" என்றவர், துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நீங்க இருந்தா எனக்குப் பயமில்லைனும் நினைச்சேன். எது முதல்ல நினைச்சேன்னு எனக்கே தெரியல" என்றார்.

பொய் சொல்லும் முகமாக அது இல்லை. அதனால்தான் றோலண்டுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியாமல் மேசைக்குத் திரும்பினார்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் ஜீவராணியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நம்ம வீட்டுக்குப் பாதர் வந்தாக்கூட, சாப்பிட முன்னால செபம் சொல்லச் சொல்றோம்ல" என்றார் ஜீவராணி. "அவரு வேலைக்கா வாறாரு?"

றோலண்ட் யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் பட்டது. ஆனால் பாதர் சிங்குக்கு அடியில் உட்காருவதில்லை.

அடுத்த மாதம் பிரதாப் மறுபடி அழைத்தார். வருவதாக ஜீவராணியே போனை வாங்கிச் சொல்லிவிட்டார். றோலண்டும் மறுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானமே தனியாகப் போய் ஐந்து சிங்குக்கும் தோலும் இலையும் அடைக்காதபடி வலை பொருத்திவிட்டு வந்தார். மாலையில் குளித்து, சட்டை மாற்றி, மனைவியோடு மறுபடியும் டவுனுக்குப் போனார்.