புகை போகும் வழியில் நான்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுச் சமையலறைப் புகை வெளியே போகும் ஓட்டையை மூன்று வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது நான்தான். நான் என்றால்... என் முகம்.

விளக்குகிறேன். அந்த வருட ஐப்பசி மழையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகச் சாரல் அடித்து அடுப்பே அணைந்துபோனது. அவசரத்துக்குக் கையில் சிக்கியது, என் புத்தக வெளியீட்டு விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ். நம் ஊரில் விழா முடிந்த பிறகுதானே ஃப்ளெக்ஸ் உழைக்கவே ஆரம்பிக்கிறது? பைக்குக்குப் போர்வை, கோழிக்கூண்டுக்குக் கூரை... பின்பக்கச் சுவரில் ஏணி போட்டு ஏறி, ஃபேன் ஓட்டையை மூடி, நாலு மூலையிலும் கட்டுக்கம்பியை முறுக்கினேன். தெருவில் போகிறவர்கள் தற்பெருமை என்று சொல்லிவிடக் கூடாதே என்று முகத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டினேன். அவ்வளவு அடக்கம்!

மழை ரெண்டு நாளில் போய்விட்டது. திண்டுக்கல்லில் அதற்கு மேல் தங்கி அதற்குப் பழக்கமில்லை. ஃப்ளெக்ஸ் தங்கிவிட்டது. நான் மறந்துவிட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். தினமும் விடிகாலையில் தாளித்து முடிக்கும்போது இருமல் பிடிக்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் குரல் பாதி போயிருக்கும். சாயங்காலம் மீதியும். தூசி அலர்ஜி என்று மாத்திரை, இஞ்சி, தேன், மிளகு எல்லாம் பார்த்தாயிற்று. போன மாதம் ஒருநாள் கிசுகிசுப்பான குரலில் சொன்னாள்:

“ஏங்க, இந்த வருஷத்தோட வேலைய விட்டுரலாம்னு பாக்குறேன். கடைசி பெஞ்சுக்குக் கேக்காத டீச்சர் எதுக்கு?”

இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகை முன்னால் நின்றவள். புதிதாக ஒரு டாக்டரிடம் போனோம். “சமையலறையில புகை போக வழி இருக்கா?” என்றார்.

“எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே டாக்டர்!” என்றேன் பெருமையாக.

“கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க?”

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை பாண்டியம்மா வந்தார். ஊரில் பல பிரியாணிக் கடைகளின் புகைக்கூண்டைச் சுத்தம் செய்கிறவர். சாணார்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில், ஒரு வாளியும் ரெண்டு பிரஷ்ஷுமாக. வந்தவுடன் ஃபேனைக் கழற்றுவார் என்று ஸ்டூலை எடுத்து வைத்தேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஃபேனைப் போடச் சொன்னார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் கீழே பிடித்தார்.

புகை மேலே போனது. ஃபேன் வரைக்கும் போனது. அப்புறம் நிதானமாகத் திரும்பி எங்கள் முகத்துக்கே வந்தது.

“போயிட்டுத் திரும்பி வருது சார். வெளிய யாரோ வழிய மறிச்சு நிக்கிறாக.”

எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. பின்பக்கம் போய் ஏணி ஏறிக் கம்பியை அறுத்த பாண்டியம்மா, ஃப்ளெக்ஸைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்.

“சார், இது நீங்களா? மீசை இம்புட்டுப் பெருசா வச்சிருந்தீகளா?”

நான் மீசை வைத்ததே இல்லை. அது மூன்று வருடத் தாளிப்பு.

ஸ்டெல்லா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அப்புறம் என்னால் சிரிக்க முடியவில்லை.

பாண்டியம்மா மெயினை அணைத்துவிட்டு ஃபேனைக் கழற்றினார். மோட்டாரில் தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்த்தார். இறக்கைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மேலே சீயக்காய்த் தூளைக் கொட்டினார். “சீயக்காயா?” என்றேன்.

“தலை எண்ணெய எடுக்குறது ரெக்க எண்ணெய எடுக்காதா சார்?”

எடுத்தது. எங்கள் ஃபேன் வெள்ளை நிறம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மாட்டி முடித்ததும் மறுபடியும் ஊதுபத்தி. இந்தத் தடவை எதிர் ஜன்னலை நாலு விரல்கடை திறந்து வைத்தார். “உள்ள காத்து வந்தாத்தானே சார் வெளிய போகும்?” சுவிட்சைப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கலைந்து கலைந்து மிதந்த புகை சட்டென்று ஒன்றாகச் சேர்ந்தது. யாரோ மறுமுனையைப் பிடித்து இழுப்பது போல ஒரே நூலாக நீண்டு, வளைந்து, சுவருக்குள் நுழைந்து... போய்விட்டது. காற்று, நுரையீரல் என்று எத்தனையோ படித்திருக்கிறேன். காற்றைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். வாயைப் பிளந்து நின்றேன்.

“மொளகாயப் போடுங்க டீச்சர்,” என்றார் பாண்டியம்மா.

கொதிக்கிற எண்ணெயில் எட்டு வரமிளகாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா அடுப்புக்கு நேரே நின்றாள். மிளகாய் கறுத்தது. அவள் இருமவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, மெதுவாக விட்டாள். தன் வீட்டில் அப்படி ஒரு மூச்சு விட அவளுக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அந்த மூன்று வருடமும் ஃபேன் தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தடதடவென்று. சத்தம் வந்தால் வேலை நடக்கிறது என்று நம்புகிறவர்கள் நாம். ஃபேனில் மட்டுமா?

மாத்திரையும் தொடர்ந்தது, ஃபேனும் ஓடியது. மூன்றாவது வாரம் குரல் திரும்பிவிட்டது. வேலையை விடுகிற பேச்சு அதோடு போயிற்று. என் புண்ணியம்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நேற்று பஸ் ஸ்டாண்டில், ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்துகிற வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர் சத்தம் சுவரைத் தாண்டி வருது சார். எங்க கிளாஸ் பிள்ளைக கணக்கு நோட்டுல செய்யுள் எழுதுதுக. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... கொஞ்ச நாளைக்கு அந்த ஃபேனை நிப்பாட்டி வைங்க!”