முதல் குரலுக்கே திறக்கும் கதவு

போன ஞாயிறு மதியம் அண்ணாமலை நகரில் ஜெனிபர் வீட்டில் எனக்கு மீன்குழம்புச் சாப்பாடு. சும்மா விருந்து இல்லை. ஒரு வேலை இருந்தது.

ஜெனிபர் என் நண்பன் அந்தோணியின் மகள். நானும் அவனும் ஒரே லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். போன வருஷம் லோடு இறக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி. போய்விட்டான். அவன் மனைவி ரீட்டா கடலூர் முதுநகர் வீட்டில் தனியாக இருக்கிறாள். மகளோடு வந்துவிடு என்றால் அசையமாட்டேன் என்கிறாள். "நீங்க சொன்னாத்தான் கேக்கும் மாமா" என்று ஜெனிபர், அம்மாவையும் சாப்பாட்டுக்கு வரவழைத்து, என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

எட்டாவதைத் தாண்டாத நான் என்ன சொல்லிப் புரியவைப்பது? டி.வி.யைப் போட்டேன்.

பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். செத்துப்போன கணவன் மழையில் வந்து, வாசலில் நின்று, மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒரே ஒரு தடவை. நம் பக்கத்துப் பழக்கம் தெரியுமே — இருட்டிய பிறகு யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பேய்க்கு மூன்று முறை கூப்பிட வராதாம். படத்தில் அவளும் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள்...

"தொறந்துடாதடி" என்று ஜெனிபர் தலையணையைக் கட்டிக்கொண்டாள்.

ரீட்டா டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னாள்: "நானா இருந்தா மொத கொரலுக்கே தொறந்துடுவேன்."

அவளே தொடர்ந்தாள். "கடைசியா போவும்போது நான் குளிச்சிட்டிருந்தேன். சொல்லிட்டுப் போவல அவுரு. திரும்பி வந்தா வூடு பூட்டிக் கெடக்கக் கூடாதில்ல?"

நானும் எத்தனையோ பேய்ப்படம் பார்த்திருக்கிறேன். சவுண்டைக் கூட்டிப் பயமுறுத்தியதெல்லாம் வெளியே வந்து டீ குடிப்பதற்குள் மறந்துபோனது. சில படங்கள் மட்டும் ஏன் இத்தனை வருஷம் நிற்கின்றன? அதில் வரும் பேய் யாருக்கோ வேண்டப்பட்டவர். பயமாகவும் இருக்கிறது, திறக்கவும் தோன்றுகிறது. தாழ்ப்பாளில் இருக்கிற அந்தக் கை... அது லேசில் மறப்பதில்லை.

ஜெனிபர் டி.வி.யை அணைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்த வூட்டப் பாத்துக் குடுத்ததே அப்பாதானம்மா. வழி தெரியும் அவுருக்கு. அங்க பூட்டியிருந்தா நேரா இங்கதான் வருவாரு."

ரீட்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாசல் லைட்ட அணைக்கக் கூடாது."

"அணைக்க மாட்டேன்."

சாயங்காலம் நான் மட்டும் கடலூர் பஸ் ஏறினேன். ரீட்டாவின் சாமான்களை எடுத்துவர வீட்டுச் சாவி என் பையில். வழியெல்லாம் ஒரே யோசனை. எந்த ஊரிலும் நிலையாகத் தங்காதவன் நான்... செத்தபிறகு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

அந்தோணி பின்னாலேயே ஜெனிபர் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். லைட் எரியும்.