ஆளில்லாத கொட்டகையில் ஒரு போர்

அந்தப் படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "அப்படியொரு படம் வந்ததா?" என்பார்கள். வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் வந்து, சுவரொட்டியின் பசை காய்வதற்குள் போய்விட்டது. பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, போர்ப்படம் என்று விளம்பரம் செய்துவிட்டு முக்கால்வாசி நேரம் போரே வரவில்லை என்று எல்லோரும் திட்டினார்கள். திட்டட்டும். எனக்கு அதைப் போல இன்னொரு படம் இன்றுவரை அமையவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம். வெள்ளகோவிலிலிருந்து மதுக்கரைக்கு வாழ வந்திருந்தேன். வீட்டுக்காரருக்கு சிமென்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் இடத்தில் வேலை. வெள்ளைத் துணி காயப்போட்டால் சாம்பல் நிறமாகிவிடும் ஊர் அது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவர் பேசாமலிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. குழம்பு எப்படி என்று கேட்டால் "ம்". கடைக்குப் போகலாமா என்றால் "செரி". நானோ வாயை மூடினால் மூச்சு முட்டும் ரகம். சுவரில் இருந்த பல்லியோடு பேசிய நாட்கள் உண்டு. அந்த வாரம் அவர் வேலை முடிந்தும் நேரத்துக்கு வீடு வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு "சும்மா" என்றார்.

என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. இனி இங்க வரமாட்டேன்" என்றேன். அப்பா "வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

சனிக்கிழமை மாலை நான் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் எங்கப்பா வர்றாருங்க" என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்பார் என நினைத்தேன். அவர் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "காலைல ஒரு படத்துக்குப் போலாமா அம்மணி? நாளையோட எடுத்தர்றாங்களாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் போனேன். கடைசியாக ஒரு தடவைதானே என்று போனேன்.

எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நேராகப் பகல் காட்சிக்கு வந்துவிடுவார்கள். ஒன்றரைக்கு ஆலையில் முதல் சங்கு ஊதும். படத்தில் கதாநாயகி கிணற்றில் விழுந்துகொண்டிருந்தாலும் சரி, சங்கு கேட்டதும் எழுந்து போய்விடுவார்கள். மிச்சத்தை ஷிப்ட் மாறின பிறகு வந்து பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு வந்திருந்த கொஞ்சநஞ்சக் கூட்டத்தில் பெரும்பாலும் அவர்கள்தான்.

கொட்டகைக் கூரை தகரம். ஆணி பிடுங்கிய ஓட்டைகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாக உள்ளே விழுந்து, திரையின் மேலும் சில வட்டங்கள் கிடந்தன. மெஷின் அறையிலிருந்து வந்த ஒளியில் சிமென்ட் தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. படத்தில், மலை மேல் ஒரு சின்னக் கோட்டை. கீழே எதிரியின் கூடாரங்கள். கோட்டையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன்தான் கதாநாயகன், ராஜா ஓரமாக எங்கேயோ இருந்தார். யாரும் வீர வசனம் பேசவில்லை. காத்திருந்தார்கள். ஒருத்தி கேழ்வரகு அரைத்தாள். ஒரு வீரன் பிய்ந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். பனி இறங்கியது, விலகியது, மறுபடி இறங்கியது. கூரை ஓட்டையின் வெயில் வட்டமொன்று ஒரு வெள்ளைக் குதிரையின் முதுகில் மெல்ல ஊர்ந்து போனதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் குறட்டை விட்டார். என் கோபம் எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை, ஏதோ குளத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது.

அப்போதுதான் எதிரிப் படையின் கொம்பு ஊதியது. நீளமான, அடித்தொண்டைச் சத்தம். அச்சு அசலாக ஆலைச் சங்கு. கொட்டகையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் துள்ளி எழுந்தார்கள். குறட்டைக்காரரும் எழுந்தார். "சங்கு ஊதிப்போட்டான் டோய்!" என்று ஒருவர் கத்த, தூக்குப்போசிகள் மடமடவென்று மோத, வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். இரண்டு மணி நேரமாக எந்தப் போருக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார்களோ, அது ஆரம்பித்த நிமிஷத்தில் ஒருவரும் இல்லை.

நானும் எழப் போனேன். அவர் அசையவில்லை. "உக்காரு. அது படத்துல ஊதுன கொம்பு" என்றார்.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"தெனமும் பாத்தேன். வேலை முடிஞ்சு வர்றப்ப, பின்பாதி மட்டும்."

கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். கூச்சப்பட அங்கே யாருமில்லை அல்லவா! "இப்பப் பாரு, மியூசிக்கையே நிறுத்திப்போடுவாங்க. குதிரை மூச்சு மட்டுந்தான் கேக்கும்." கேட்டது. "தூசி எந்திரிக்கும் பாரு, ரெண்டு பக்கமும் ஒரே நெறமாயிரும். யாரு நம்மாளு, யாரு அவனாளுன்னு தெரியாது." திரையில் தூசி எழுந்தது, எங்கள் தலைக்கு மேலும் அதே தூசி ஒளியில் மிதந்தது. அதற்குள் வாள்கள் சத்தமில்லாமல் மின்னி மறைந்தன. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். எவ்வளவு அழகான குரல் இந்த மனிதருக்கு!

கடைசியில் கோட்டை விழப்போகிறது. குதிரைக்காரன் பின்வாசலைத் திறந்து அந்த வெள்ளைக் குதிரையின் கயிற்றை அவிழ்த்துவிடுகிறான். அது போகாமல் நின்று அவனைப் பார்க்கிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "புடிச்சு வெக்கக்கூடாது. அதுக்குப் போகோணும்னா போகட்டும்" என்றார் என் வீட்டுக்காரர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். கன்னத்தில் ஈரம் தெரிந்தது. குதிரையைத்தான் சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

படம் முடியும் நேரத்தில் ஓடிப்போனவர்களில் பாதிப் பேர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். "சண்ட முடிஞ்சுபோச்சுங்ளா?" என்று கேட்டார் குறட்டைக்காரர். அவர்கள் உட்கார்வதற்கும் நிஜச் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது. கெட்ட வார்த்தைகள் பறந்தன. ஆட்களைக் கண்டதும் என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

வெயிலில் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். இனி அவ்வளவுதான், சொர்க்கவாசல் சாத்திக்கொண்டது என்று எனக்கு அழுகை முட்டியது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மனம் கேட்காமல், "எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?" என்றேன்.

அவர் நின்றார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல அம்மணி. தெனமும் வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்குவேன். ஊட்டு வாசல் வந்தா மறந்துபோகும்."

அப்புறம் என் பக்கத்தில் நடந்தார். மலைக்கோட்டையை எப்படிக் கட்டியிருப்பார்கள், சின்ன வயதில் தாராபுரம் சந்தையில் பார்த்த குதிரை, அதை வாங்கித் தரச் சொல்லி அழுதது என்று எங்கெங்கோ போனது பேச்சு. கைகளால் கடிவாளம் பிடித்துக் காட்டினார். சிமென்ட் தூசி படிந்த வேலியோரம் எல்லாம் பனி இறங்கியது போலத் தெரிந்தது எனக்கு.

எங்கள் லைன் வீட்டு வாசற்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். எங்களை வெகுதூரத்திலிருந்தே கவனித்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வணக்கம் சொன்னார். அவர் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனதும், அப்பா என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"கெளம்பலாமா கண்ணு? ரெண்டரைக்கு பஸ்ஸு."

"இல்லீங்கப்பா" என்றேன். "இவரு இன்னும் பேசி முடிக்கல."