கட்டைவிரல் டீச்சர்

பஸ் கம்பியைப் பிடித்ததும் அவள் கட்டைவிரல் தானாக மேலே நிமிர்ந்துகொள்ளும். மற்ற நான்கு விரல்களும் கம்பியைச் சுற்றி வளைந்திருக்கும். மின்சாரம் கட்டைவிரல் பக்கம் ஓடினால் காந்தப்புலம் மற்ற விரல்கள் வளையும் பக்கம் சுழலும் என்று கணக்குப் போட்டபடியே, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள். தன்னைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்து எதிரே நிற்பவர் சிரித்துவைப்பதும் உண்டு.

பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தாறு வயதில் வேலையை உதறி, மின்காந்தவியலில் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள். 'கட்டைவிரல் டீச்சர்' என்பது கூடப் படிக்கும் சிறுசுகள் வைத்த பெயர். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது அவளுக்கு. நூலகத்தில் நின்றுகொண்டே படிப்பாள். வீட்டில் அலைச் சமன்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். அடுப்பில் பால் அதுபாட்டுக்குப் பொங்கி வழியும்.

"லிஃப்ட்டுகூட மாடிக்கு மாடி நிக்குதுடி. நீ நிக்கவே மாட்டியா?" என்பார் கணவர். லிஃப்ட் மெக்கானிக் அவர்.

"உக்காந்தா மூளையும் சேர்ந்து உக்காந்துடுதுங்க."

நடக்காமல் என்ன செய்வாள், பாவம்? தகுதித் தேர்வுக்கு இரண்டே வாய்ப்பு. முதலாவது இரண்டு மதிப்பெண்ணில் போனது. அடுத்ததிலும் தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான்; பழைய வேலைக்கும் வேறு ஆள் வந்தாயிற்று.

அந்த விடைத்தாளைத் திருப்பித் தந்த பேராசிரியர், "ஆன்டெனாவிலேருந்து அலை வெளியே போகணும்மா. உங்க ஆன்டெனா ஊர்ல இருக்கற அலையெல்லாம் உள்ள உறிஞ்சிக்கிட்டிருக்கு" என்றார். ஏழு பக்கக் கணக்கில் வேறு பிசகே இல்லை. முதல் வரியில் திசை பார்த்தபோது வலது கையில் பேனா இருந்தது. அவசரத்தில் இடது கையை மடக்கிப் பார்த்துவிட்டாள். அந்த விதி வலது கைக்குத்தான். இடது கையால் பார்த்தால் எல்லாம் தலைகீழ்.

"பேனாவைக் கீழ வெச்சுட்டு வலது கையைத் தூக்குங்க!" என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியவள். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கத்தில் ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

மறுதேர்வு அன்று காலை, ஒரு காலில் செருப்போடு கூடத்தில் அலைந்தாள். "திரும்பவும் அந்தக் கை முந்திக்கிச்சுன்னா?"

கணவர் கருவிப் பையை மூடினார். "கரன்ட் ஓடற பெட்டிக்குள்ள வலது கையை விடறதுக்கு முன்னாடி, இடது கையைப் பாக்கெட்ல போட்டுப்பேன். சும்மா இருக்கற கைதான் ஆளைக் கவுக்கும்."

"எனக்கு ஏதுங்க பாக்கெட்டு?"

தேர்வறையில் வினாத்தாளைப் புரட்டினாள். முதல் கேள்வியே ஆன்டெனா. கால் துறுதுறுத்தது, எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வரலாமென்று உடம்பு கெஞ்சியது. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இடது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டு, வலது கையைத் தூக்கினாள்.