ஒயில் சூடும் என் மானமும்

ரேஸ் கார் ஓட்டுகிறவருக்கு எப்போதும் கைதட்டல். ஒயில் சூட்டைப் பார்க்கிறவனை எஞ்சின் புகைந்தால்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்னைப் போல மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனர் பிடிக்கிறவர்களே, கேளுங்கள். ஹட்டனில் ரவி அண்ணனின் கராஜில் வேலை செய்கிறேன். அவரிடம் ஒரே ரேஸ் கார், அதற்கு ஒரே எஞ்சின். அது இறுகிப்போனால் அவருடைய ஓட்டம் அதோடு சரி. அந்த எஞ்சின் ஒயிலைக் குளிரவும் விடாமல், கொதிக்கவும் விடாமல் வைத்திருப்பது என் பொறுப்பு.

தண்ணி முள்

நுவரெலியாவில் பயிற்சி ஓட்டம். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். மீட்டரில் முள் நடுவுக்கு வந்ததும், "சூடாயிருச்சுண்ணே, மிதிங்க!" என்றேன். மிதித்தார். ஃபில்டர் ஓரமாகப் பீறிட்ட ஒயில் என் சட்டையெல்லாம். நான் பார்த்தது தண்ணீர்ச் சூட்டின் முள். தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். ஒயில் அதற்கப்புறமும் கித்துள் மரத்துப் பாணிப் பாகு மாதிரி கெட்டியாகவே கிடக்கும்; அப்போது மிதித்தால் அழுத்தம் ஏறி இப்படித்தான் பீறிடும்.

எங்கள் மெக்கானிக் நிமல் அய்யா சிங்களவர், தமிழை அளந்துதான் பேசுவார்; தம்பி என்பதற்கு மட்டும் சிங்களத்தில் 'மல்லி' என்பார். பழந்துணியை நீட்டியபடி சொன்னார்: "மல்லி, தண்ணி எழும்பிட்டுது. ஒயில் இன்னும் தூங்குது."

கரிச்சட்டி

அடுத்த தடவை புத்திசாலி ஆகிவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழைய லொறி காலையில் கிளம்ப மறுத்தால், சட்டியில் தணல் போட்டு எஞ்சினுக்கு அடியில் தள்ளுவார்கள். நானும் தள்ளினேன். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

தீயணைக்கிற சிலிண்டரோடு ஆட்கள் ஓடி வந்து, சட்டி, கார், நான் என்று பார்க்காமல் வெள்ளைப் பொடியை அடித்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். பெட்ரோல் ஊற்றியவர் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இது ரேஸ் காரா, இஸ்திரிப் பெட்டியா?"

படங்கு

இது சொல்லக் கூசுகிறது. காருக்கு முன்னால் ஒயில் கூலர் இருக்கும். காற்றுப் பட்டு ஒயிலைக் குளிர வைப்பது அதுதான். ஒயில் ஆறிவிடாமலிருக்க, ஓட்டம் தொடங்கும்வரை அதை அட்டையால் மூடி வைப்போம். அன்றைக்கு மழையில் அட்டை ஊறிப்போச்சு. கொழுந்தெடுக்கும்போது நனையாமலிருக்க என் அக்கா இடுப்பில் கட்டுகிற படங்கைக் கொண்டுபோயிருந்தேன். அதை மடித்துக் கூலர்மேல் கட்டினேன். கொடி அசைந்ததும் எல்லாரோடும் சேர்ந்து கத்தினேனே தவிர, அவிழ்க்கவில்லை.

முதல் சுற்றில் ரவி அண்ணன் இரண்டாவதாக வந்தார். பம்பருக்கு அடியில் படங்கின் முனை படபடவென்று ஆடியது. ரோட்டு மேட்டில் நின்ற கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒருத்தி கூவினாள்: "அடியே, நம்ம படங்கு ரேஸ் ஓடுதுடி!" சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது.

அடுத்த சுற்றுக்குள் ஒயில் சூட்டின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இன்னும் மிதித்திருந்தால் கப் கிடைத்திருக்கலாம், எஞ்சின் போயிருக்கும். அவர் ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குனிந்து அவரே முடிச்சை அவிழ்த்து, உதறி, மடித்து என் கையில் வைத்தார். "எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலடா. இத அக்காகிட்ட குடுத்துரு, நாளைக்கு அது கொழுந்தெடுக்க மலைக்குப் போகணும்ல."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்; வெட்கத்தில் காது சுட்டது. இந்த வேலையில் நான் இதுவரை தவறாமல் சூடேற்றியிருப்பது என் இரண்டு காதுகளை மட்டும்தான்.