இறைக்காமல் விட்ட முறை

எங்கள் தோட்டக் கிணறு எனக்கும் அண்ணைக்கும் பாதிப் பாதி. அப்பா எனக்குச் சீதனம் எழுதியபோது கோப்பாயில் ஒரு துண்டுச் செம்மண் தோட்டத்தையும் கிணற்றில் பாதியையும் எழுதினார். மற்றப் பாதியும் பக்கத்துத் தோட்டமும் அண்ணைக்கு. ஒருநாள் அவர் இறைப்பார், மறுநாள் நான். என் கணவர் தெற்கே காலிப் பட்டணத்தில் ஒரு சுருட்டுக்கடையில் வேலைபார்த்தார். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் ஊர்ப்பக்கம் வருவார். அதனால் தோட்டம் முழுவதும் என் தலையில். தண்ணீர் இறைக்கும் ஏற்றமான துலாவை மிதிக்கக் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்திருந்தேன். மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிடுவது நான்.

முறை வந்தால் இறைத்தே ஆகவேண்டும் என்பது ஊர்வழக்கம். பயிருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு மாசி மாதம் துலா மிதிப்பவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். இரண்டு முறை இறைப்பில்லை. வெங்காயம் போய்விட்டது என்று பயந்து ஓடிப்போய்ப் பார்த்தால், தாள் நிமிர்ந்து நிற்கிறது. விரலால் கிண்டினேன். மேல்மண் பொடியாக இருந்தாலும் உள்மண் ஈரமாகக் கையில் உருண்டது. அப்படியானால் இவ்வளவு காலமும் யாருக்கு இறைத்தோம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதற்குப் பிறகு என் கை சொல்வதைத்தான் கேட்டேன். மண் உருண்டால் இறைப்பதில்லை, உதிர்ந்தால் இறைப்பு. நாற்று நட்ட புதிதில் கொஞ்சமாக அடிக்கடி விடுவேன். காய் பருக்கும்போது நிறைய. வெங்காயத்தைக் கிண்டி எடுப்பதற்கு முன் அடியோடு நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுகும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் கணக்கு வேறு. காலையில் இருந்த ஈரம் மத்தியானம் இருக்காது. இரண்டு பாத்திகளை வேண்டுமென்றே காயவிட்டுப் பார்த்தேன், ஒன்று கருகியது. அதனால் எல்லை எங்கே என்று தெரிந்தது. அந்தப் போகம் என் வெங்காயம் யாருடையதற்கும் குறையவில்லை. முறைகள் சில சும்மா போயின, அவ்வளவுதான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அண்ணை ஒரு எண்ணெய் எஞ்சின் வாங்கி வந்து கிணற்றடியில் பூட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்கவே சனம் கூடியது. அவர் பக்கத்துக் காணியையும் குத்தகைக்கு எடுத்து முன்னைவிடக் கூடுதலாகப் புகையிலை நட்டார். துலாவால் நாள் முழுக்க இறைத்தாலும் குறையாத கிணறு மத்தியானத்துக்குள் அடிக்கல்லைக் காட்டியது. பங்குனி பிறக்கும்போது தண்ணீர் கரித்தது. என் வெங்காயத் தாளின் நுனி வெந்ததுபோல் மஞ்சளித்தது.

எங்கள் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் கிடக்கிறது. மேலே இருப்பதை அவசரமாக அள்ளினால் கீழே இருப்பது ஏறிவரும். கிழக்கே உப்பாற்றுப் பக்கம் மாடும் வாய் வைக்காத கிணறுகளை நான் கண்டிருக்கிறேன். அண்ணையும் கண்டவர்தான்.

நான் இறைக்காத ஒரு நாளில் கிணற்றடியில் எஞ்சின் சத்தம் கேட்டது. மண்வெட்டியோடு போனேன்.

"அண்ணை, இண்டைக்கு என்ரை முறை."

"உன்ரை முறையெண்டால் இறை. சும்மா கிடக்கிற தண்ணியை நான் எடுத்தால் உனக்கென்ன?"

"அது சும்மா கிடக்கேல்லை. ஊறுது."

அவர் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். மண்வெட்டியைக் கீழே போட்டேன். குனிந்து, கிணற்றுக்குள் இறங்கியிருந்த குழாயைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். எஞ்சின் காற்றை உறிஞ்சிக் கத்தியது. அண்ணை ஓடிப்போய் அதை நிறுத்தினார். பிறகு என்னை அடிக்கக் கை ஓங்கினார். நான் விலகவில்லை. அவர் கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து என் முறை நாள்களில் விடிந்ததும் கிணற்றுக்கட்டில் போய் உட்கார்ந்தேன். வெங்காயம் கட்டவும் கடகம் பின்னவும் வேலையை அங்கேயே கொண்டுபோனேன். தண்ணீருக்குக் காவல் இருக்கிறாள் என்று ஒழுங்கை வழியே போனவர்கள் பரிகசித்தார்கள். புருசன் ஊரில் இல்லாத திமிர் என்றும் சொன்னார்கள். சொல்லட்டும் என்று இருந்தேன்.

அண்ணை ஊர் அதிகாரியான விதானையாரைக் கூட்டிவந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் அண்ணையின் கூட்டாளி.

"பிள்ளை, நீ எடுக்காத தண்ணியை உன்ரை அண்ணர் எடுக்கிறதிலை உனக்கென்ன நட்டம்?" என்றார்.

"ஐயா, உங்கடை அறைக்குள்ளை ஒரு மூடை நெல் கிடக்கு. நீங்கள் இண்டைக்குக் குத்தேல்லை எண்டதுக்காக நான் வந்து எடுக்கலாமோ?"

"நெல்லும் தண்ணியும் ஒண்டே?"

"இறைக்க எனக்கு உரிமை இருந்தால் இறைக்காமல் விடவும் உரிமை இருக்கு. நான் விட்டது கிணத்துக்கு. அண்ணைக்கில்லை."

விட்டுக்கொடுத்துப் போகச் சொன்னார். மாட்டேன் என்றேன். வழக்கு வைப்பதென்றால் வைக்கட்டும், யாழ்ப்பாணத்துக்கு நடந்துவந்து இதையேதான் சொல்வேன் என்றேன். விதானையார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். கணவருக்குச் செய்தி போயிருக்க வேண்டும். 'வீண் சண்டை வேண்டாம்' என்று எழுதியிருந்தார். நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், அதே கிணற்றிலிருந்துதான் சமையலுக்குத் தண்ணீர் எடுப்பாள். எஞ்சின் ஓடிய அன்று அள்ளிய தண்ணீரில் பருப்பு அவியாது, தேத்தண்ணி கரிக்கும். நான் காவலிருந்த மறுநாள் விடியற்காலை கிணறு நிறைந்து, தண்ணீர் கிட்டத்தட்டப் பழையபடி இருக்கும். அவள் குடத்தோடு அந்த நேரம் பார்த்து வரத்தொடங்கினாள். என்னோடு கதைக்கமாட்டாள், கணவனுக்குப் பயம். ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பாராமலே, "நீ விடாதை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் அவள் என்ன சொன்னாளோ தெரியாது. சித்திரை நடுவில் எஞ்சின் காலையில் மட்டும் ஓடியது. மத்தியானத்தோடு நின்றது. அடுத்த போகம் குத்தகைக் காணியையும் அண்ணை விட்டுவிட்டார். அந்த வருடம் அவருடைய புகையிலை நன்றாக வரவில்லை. என் வெங்காயமும் பாதிதான் தேறியது. கிணறு முழுதாகத் தெளிய இரண்டு மாரி பெய்யவேண்டியிருந்தது.

என் முறையில் அவர் பிறகு கை வைக்கவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. என் மூத்த மகளின் கலியாணம் பேசும்போது, ஊருக்கு முன்னால் குழாயை இழுத்துப்போட்டது பிழை என்று ஒரு சொல் சொன்னால் தான் வந்து முன்நின்று நடத்துவதாக ஆள் அனுப்பினார். தாய்மாமன் இல்லாத கலியாணம் எவ்வளவு குறை என்று எனக்குத் தெரியும். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "அண்ணைக்குச் சொல்லுங்கோ, பிழையெண்டு நான் சொல்லமாட்டன், ஆனால் பந்தலிலை அவருக்கு இடம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வரவில்லை. மச்சாள் மட்டும் வந்தாள்.